இலையின் அடிப்பக்கம்

உங்கள் ஜன்னலோரத்தில் இருக்கும் அந்தச் செடிக்கு யாரோ அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கீழ் இலைகள் மஞ்சளாவதைப் பார்த்தாலே தெரிகிறது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இப்போதே சொல்லிவிடுகிறேன், பேச்சுவாக்கில் மறந்துவிடுவேன்.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் என்னை வரிசையாகச் சொல்ல விடுங்கள். நேற்று இந்த நாற்காலியில் இருந்தவர் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். கடைசியிலிருந்து பார்த்தால் எதுவுமே கொடுமையாகத்தான் தெரியும்.

நான் வேலை பார்ப்பது பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில். அங்கே ஆளுக்கு ஒரு பூச்சி. பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பக்கத்து அறையில் அசுவினியை வளர்ப்பவர் அசுவினிக்காரர். வெள்ளை ஈயைப் பார்க்கிறவர் வெள்ளை ஈ அம்மா. நான் லேஸ்காரம்மா. வெளியாட்கள் போனில் இந்தப் பெயரைக் கேட்டால் துணிக்கு ஓரம் வைத்துத் தைக்கிற லேஸ் விற்பவள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு பெண்மணி மீட்டர் என்ன விலை என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

லேஸ் பூச்சி எள்ளளவுதான் இருக்கும். வெறும் கண்ணுக்கு அது ஒரு தூசி. உருப்பெருக்கியின் கீழே வைத்தால், இறக்கையும் கழுத்துப் பட்டையும் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி அறைகளாகத் தெரியும். பொறுமைசாலி ஒருத்தி உட்கார்ந்து பின்னியது போல இருக்கும். இலையின் மேல்பக்கத்துக்கு அது வருவதில்லை. அடியில் இருந்தபடி ஊசி வாயால் சாற்றை உறிஞ்சும். மேலே வெளிறிய புள்ளிகள் மட்டும் விழும். பார்ப்பவர்கள் வெயில் என்பார்கள், சத்துக் குறைவு என்பார்கள், உரம் வாங்கிப் போடுவார்கள். இலையைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

நான் வளர்த்தது கத்தரிச் செடியில் வாழும் ஓர் இனம். மற்ற பூச்சிகளைப் போல முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடாது. பெண் பூச்சி முட்டைகளின் மேலேயே நின்று காவல் காக்கும். குஞ்சு பொரிந்த பிறகும் விலகாது. பொறிவண்டு வந்தால், தன்னைவிடப் பல மடங்கு பெரிய அந்தப் பிராணிக்கு எதிரே இறக்கையை அடித்துக்கொண்டு ஓடும். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

அந்த இனத்திலும் எல்லாப் பெண்ணும் ஒன்றுபோல் இல்லை. சில பெண்கள் வேறொருத்தி காவல் காக்கும் முட்டைக் குவியலைத் தேடி வரும். நடுவில் தன் முட்டைகளையும் சொருகிவிட்டு நடையைக் கட்டிவிடும். காவல் இருப்பவளுக்கு வித்தியாசம் தெரியாதா, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாளா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் தன்னுடையதாகவே வளர்ப்பாள். போனவள் உடம்பு நோகாமல் இருப்பதால் இன்னும் நாலு இடத்தில் முட்டையிடுவாள். கணக்குப் பார்த்தால் ஓடிப்போனவளின் வம்சம்தான் பெருகுகிறது. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது அரங்கமே சிரித்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

என் தங்கை நர்ஸ். புருஷன் விபத்தில் போன அடுத்த வருஷம், கடல் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. குழந்தைக்கு அப்போது சரியாகப் பேச்சுகூட வரவில்லை.

“கொஞ்ச நாள்தான் அக்கா. நான் ஒரு நிலைக்கு வந்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்,” என்றாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வாசலில் நின்று குழந்தையை என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். குழந்தை அழவில்லை, என் கழுத்துச் சங்கிலியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. அழுதது தங்கைதான். நான் கதவைச் சாத்திய பிறகும் அவள் படிக்கட்டில் மூக்கைச் சிந்துவது கேட்டுக்கொண்டிருந்தது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எலும்பும் தோலுமாக இருந்தாள். பிஞ்சு என்று கூப்பிட ஆரம்பித்தேன். நிஜப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். தலை பின்னியது, பல் விழுந்தபோது தைரியம் சொன்னது, கணக்கு வராமல் அழுதபோது கூடவே உட்கார்ந்து மல்லுக்கட்டியது எல்லாம் நான். தங்கை வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். பெட்டி நிறையச் சட்டைகள் இருக்கும். எல்லாமே ஓர் அளவு சின்னதாக இருக்கும். பிள்ளை வளர்கிறாள் என்பது அவள் மனசுக்கு எட்டவே இல்லை. பிஞ்சு அவளை அம்மா என்பாள், என்னைப் பெரியம்மா என்பாள். ஆனால் காலில் முள் குத்தினால் வாயில் வருவது “பெரியம்மா” தான்.

அவள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் தங்கை அவளைத் தன்னிடம் அழைத்துக்கொள்ளப் பார்த்தாள். டிக்கெட்கூட வந்துவிட்டது. கிளம்புகிற வாரம் பிஞ்சுவுக்குக் கடும் காய்ச்சல். அது தானாக வந்த காய்ச்சல். அந்த ஒன்றில் எனக்குச் சம்பந்தமே இல்லை, நீங்கள் நம்ப வேண்டும். பயணம் நின்றுபோனது. என் மடியில் தலை வைத்து, என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அந்த வீடு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை. காய்ச்சல் இறங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, கையில் இருந்த எதையோ தவறவிட்டதுபோலவும் இருந்தது. அவள் இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள்.

அந்தச் சமயத்தில் நிலையத்தில் ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பூச்சியைக் கொல்லும் மருந்து அல்ல. பெரிதாக விடாமல் தடுப்பது. சரியான அளவில் பட்டால் குஞ்சு சாப்பிடும், நடக்கும், ஆனால் இறக்கை முளைக்காது. வழக்கமாக இறக்கை வந்ததும் குஞ்சுகள் ஆளுக்கு ஒரு பக்கம் பறந்துவிடும். தாய் காலியான இலையில் கொஞ்ச நேரம் சுற்றிச்சுற்றி வரும், அதற்குப் பிறகு நெடுநாள் இருக்காது. மருந்து பட்ட கூண்டில் யாரும் எங்கும் போகவில்லை. தாய் நின்றது நின்றபடியே காவல் காத்தது. இலை வாடினால் குஞ்சுகளை அடுத்த இலைக்கு ஓட்டிப் போகும். தண்டு பிரியும் இடத்தில் நின்றுகொண்டு, தப்பான பக்கம் போவதை மறித்துத் திருப்பும். எங்கள் அறையில் வேறு எந்தத் தாயும் அவ்வளவு காலம் வாழ்ந்ததில்லை.

அசுவினிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஐயோ பாவம். இதுங்க இப்படியேவா இருக்கும் மேடம்?” என்றார்.

“பெருசாகி என்ன பண்ணப் போகுது? பறந்து போய் பொறிவண்டு வாயில விழும். இங்க என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லதான். ஆனா இறக்கைன்னு ஒண்ணு வர வேண்டியது வரலையே.”

நல்ல மனிதர். கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்.

அந்த மருந்தைத்தான் பிஞ்சுவுக்குக் கொடுத்தேனா என்று நேற்று கேட்டார்கள். இல்லை. அது பூச்சியிடம் மட்டும்தான் வேலை செய்யும். மனிதரிடம் வேலை செய்வது வேறு. அதை உங்கள் ஆட்கள் ஏற்கெனவே அலமாரியிலிருந்து எடுத்துப் போய்விட்டார்கள், நான் பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

தினமும் கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய். அவள் எங்காவது கிளம்பினால் மட்டும்தான். கல்லூரி விடுதிக்கு மாறுகிறேன் என்றபோது ஒரு முறை. வெளியூரில் தோழியின் கல்யாணம் வந்தபோது. ஒரு தடவை, வகுப்பில் எல்லோரும் மலைக்குச் சுற்றுலா போனபோது. கை நடுங்கும், கண் மங்கும், வயிறு புரட்டும். சில நாள் படுத்திருந்துவிட்டு எழுந்துவிடுவாள். அந்த நாட்களில் நான் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருப்பேன். அவள் வாந்தியை இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறேன். கெடுதல் நினைப்பவள் அப்படிச் செய்வாளா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் தெரு டாக்டர் முதலில் ரத்தசோகை என்றார். பிறகு நரம்பு என்றார். பிறகு, மனசுதான் காரணம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “பெத்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டாம்மா. நீ குடுத்து வச்சவ,” என்று பிஞ்சுவின் தலையில் தட்டினார். பிஞ்சு என் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியும் டாக்டர்,” என்றாள். அந்த வார்த்தையை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அவளுக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்தது. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற அலுவலகம். சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

“தனி ரூம் குடுக்கறாங்க பெரியம்மா. ஜன்னல்ல இருந்து பாத்தா ரயில் போறது தெரியுமாம்.”

“உடம்பு தாங்குமா கண்ணு?”

“தாங்கலைன்னா பாத்துக்கலாம். அந்த ஊர்லயும் டாக்டர் இருப்பாங்கல்ல? அப்புறம் ஒண்ணு, இனிமே பிஞ்சுன்னு கூப்பிடாதீங்க. ஆபீஸ்ல யாராவது கேட்டா என் மானம் கப்பலேறிடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று பாலில் கலந்த அளவு கொஞ்சம் கூடிவிட்டது. அப்படித் தவறியது அந்த ஒரு முறைதான்.

அவளை மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. செய்தி கேட்டுத் தங்கை வந்தாள். இந்த முறை வேலையை உதறிவிட்டே வந்துவிட்டாள். பிஞ்சு எழுந்து உட்கார்ந்ததும், காற்று மாறினால் நல்லது என்று கடற்கரையில் இருக்கும் தன் தோழி வீட்டுக்கு அழைத்துப் போனாள். நீயும் வா என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் திரும்பி வந்த அன்று பிஞ்சு படிக்கட்டில் ஓடி ஏறி வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. நீந்தக் கற்றுக்கொண்டாளாம். இன்னும் சில நாளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாளாம். சாப்பிடும்போது தாயும் மகளும் எனக்குத் தெரியாத யாரோ ஒரு படகோட்டியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் பால் காய்ச்ச எழுந்தேன்.

மறுநாள் காலை பிஞ்சுவால் எழுந்திருக்க முடியவில்லை. தங்கை அவள் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷம் நோயாளிகளின் கண்களைப் பார்த்தே வாழ்ந்தவள். அங்கே என்ன தெரிந்தது என்று என்னிடம் சொல்லவில்லை.

“ராத்திரி என்ன குடிச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

“எப்பவும் குடிக்கிற பால்தான்,” என்றேன். அது உண்மை. பிறகு வேலைக்குக் கிளம்பினேன்.

அன்று எங்கள் வளர்ப்பு அறையைப் புகை போட்டுச் சுத்தம் செய்யும் நாள். செடிகளில் எங்கிருந்தோ சிலந்திப் பேன் புகுந்துவிட்டது. அப்படிப் புகுந்தால் அறையை மூடி, உள்ளே இருப்பதையெல்லாம் கொன்று, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு வேண்டிய கூண்டுகளை முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிட்டேன். புகை போடுகிற அந்த உள் அறையின் கதவு கனமானது, ரப்பர் பட்டை வைத்தது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருந்து திறக்கிற கைப்பிடி உடைந்து வெகுகாலம் ஆகிறது. மாற்றச் சொல்லி நானே வாய் வலிக்கக் கேட்டிருக்கிறேன்.

நண்பகலில் தங்கை வந்தாள். பிஞ்சுவைக் கீழ்வீட்டு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த வண்டியைப் பிடித்து வந்திருக்கிறாள்.

“அக்கா, அவளுக்கு என்ன குடுத்தே?”

“முதல்ல உட்காரு. வேர்த்துக் கொட்டுது உனக்கு.”

“பேரைச் சொல்லு. எதுன்னு தெரிஞ்சா டாக்டர் உடனே அதுக்கு மாத்து மருந்து குடுத்துடுவாரு. நான் வேற எதுவும் கேக்கல. ஏன் செஞ்சேன்னுகூடக் கேக்கல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். பேரை மட்டும் சொல்லு, நான் என் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

கடைசியாகச் சொன்னதை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

“நீதான் அவள விட்டுட்டுப் போனே,” என்றேன்.

“ஆமா, விட்டுட்டுத்தான் போனேன். என் தப்புதான். ஆனா தெருவுலயா விட்டேன்? உன்ன நம்பித்தானே அக்கா விட்டேன்?”

மருந்து உள் அறையில், அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, நீயே போய்ப் பார்த்துக்கொள் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னேன். உள்ளே வெளி மண் படக் கூடாது. அவ்வளவு பதற்றத்திலும் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் சொன்னால் தட்டமாட்டாள்.

கதவைப் பூட்டினேன் என்று நேற்று இருந்தவர் சொன்னார். நான் பூட்டவில்லை, சாத்தினேன். பிறகு சுவரில் இருக்கும் புகை விசையைப் போட்டேன். எப்படியும் அன்று போட வேண்டியதுதான். கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. நான் அதன் வழியே பார்க்கவில்லை. அவள் தட்டினாள். முதலில் “அக்கா” என்றாள். அப்புறம் பிஞ்சுவின் நிஜப் பெயரைச் சொன்னாள். அதன் பிறகு தட்டும் சத்தம் மட்டும்தான். கூண்டுகளுக்குப் புது இலை மாற்றிவிட்டு, வழியில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வந்துவிட்டேன், நீங்கள் போகலாம் என்றதும் போய்விட்டார். பிஞ்சு தலையணையில் சாய்ந்திருந்தாள்.

“அம்மா உங்களத் தேடி வந்தாங்களா?”

“வந்தா. பேசிட்டு இருந்தோம். போயிட்டா.”

“எங்க?”

“அவ எப்பவும் போற மாதிரிதான். நீ அதையே நினைச்சுட்டு இருக்காத கண்ணு.”

அவள் மேஜையைப் பார்த்தாள். தங்கையின் படிக்கிற கண்ணாடி அதன் மேல் இருந்தது.

“கண்ணாடிய விட்டுட்டா போனாங்க? அது இல்லாம ஒரு எழுத்துகூடப் படிக்க மாட்டாங்களே.”

அலமாரி முன்னால் நின்று அவள் எதைப் படித்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தேன். பிஞ்சு டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

“முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க பெரியம்மா.”

“எனக்குத்தான் பால் ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியுமே.”

“தெரியும். ஒரு வாய்தான்.”

நாங்கள் இருவரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாலில் ஆடை கட்டியது. பிறகு அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் பின்னியது. விழுந்துவிடப் போகிறாளே என்று நான் பின்னாலேயே போனேன். நான் நெருங்க நெருங்க அவள் வேகமாகப் படியிறங்கினாள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் முந்திக்கொண்டு போய்க் குறுக்கே நின்றேன். கீழே தெரு, மேலே வீடு, படுக்கை, நான் இருக்கிறேன். எந்தப் பக்கம் போவது என்று அந்த நிலைமையில் அவளுக்கு எப்படித் தெரியும்?

“வழிய விடுங்க,” என்றாள்.

நான் நகரவில்லை. என்னைத் தள்ளினாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கீழே போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். தாயும் மகளும் கதவைத் தட்டுவது ஒரே மாதிரி இருந்தது. அதை நான் அதற்கு முன் கவனித்ததே இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே தெருச் செருப்பு கிடப்பதைப் பார்த்து, விசையை அணைத்துக் கதவைத் திறந்தவர் அசுவினிக்காரர். அன்றிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஆம், என் தங்கையை நான்தான் கொன்றேன். பிஞ்சுவுக்குக் கொடுத்ததும் நான்தான். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். ஒன்று கொலை, மற்றது வளர்ப்பு.

அவள் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதில் எனக்கு வருத்தமில்லை. மருத்துவமனையில் வேகமாகத் தேறிவருகிறாள், கையில் நடுக்கம் நின்றுவிட்டது, யாரும் பிடிக்காமல் நடக்கிறாள், எப்போது வேலையில் சேரலாம் என்று கேட்கிறாள் என்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. அப்படியெல்லாம் தேறுகிற உடம்பு அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.